சினியோராவுக்குக் கழித்த நாவூறு

எசமானி சினியோரா கொன்செத்தாவின் புழுகைக் கேட்டுக் கேட்டே வீட்டுவேலை செய்கிற குகனேஸ்வரிக்குக் காது புளித்துப்போயிருந்தது. நாற்பது வருஷம் அமெரிக்காவில் நடித்தவளாம். என்ன பெரிய நடிப்பு? அத்தனை படத்திலும் கறுத்தச் சால்வையைப் போர்த்துக்கொண்டு, செத்துப்போன மகனுக்காக நெஞ்சில் அடித்து அழுகிற இத்தாலியக் கிழவி. முப்பது வயதிலேயே கிழவி! வீட்டில் படத்தைப் போட்டால், மற்றவர்கள் வருகிற இடத்தையெல்லாம் ரிமோட்டால் ஓட்டிவிடுவாள். மிஞ்சுவது ஒப்பாரி மட்டும்தான். குகனேஸ்வரியும் துடைக்கிற துணியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்து அதைப் பார்க்க வேண்டும். பார்த்து அழவும் வேண்டும். வெங்காயம் உரித்த கையால் கண்ணைக் கசக்கிச் சமாளிப்பாள்.

சினியோரா பிறந்தது பலேர்மோவின் சந்தைப் பகுதியான கபோவில், ஒரு மீன்காரனின் மகளாக. அது சந்தைக்கே தெரிந்த விஷயம். பத்தொன்பது வயதில் கப்பலேறிப் போன கொன்செத்தா அங்கே கோனி ஆனாள். இங்கிலீஷைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தமாக்கினாள். அது நன்றாகச் சுத்தமானதும், இத்தாலியக் கிழவி வேஷத்துக்கு வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். திரும்பி வந்து பலேர்மோவிலேயே வேறு பக்கம் வீடு எடுத்துக்கொண்டு, தகப்பன் டாக்டர் என்று ஊரெல்லாம் அளந்தாள். கபோப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். மீன் வாங்கக் குகனேஸ்வரிதான் போக வேண்டும். வாங்கி வந்தால் மூக்கைப் பொத்துவாள். ஐயோ, அந்த எடுப்பு!

அந்த எடுப்பையெல்லாம் பொறுத்துக்கொண்டது துசானிக்காக. மகள் யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். பதினெட்டு வயது முடிவதற்குள் அவளை இங்கே கூப்பிட்டுவிட வேண்டும், தாண்டினால் சட்டம் விடாது. அதற்குப் புருஷன் மகேந்திரராசாவின் ரெஸ்டோரன்ட் வேலை மட்டும் காணாது, இவளுக்கும் நிலையான வேலை இருக்க வேண்டும். கடதாசியெல்லாம் கொடுத்தாயிற்று. பதில் வரும்வரை இந்த வேலை போகக்கூடாது, அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அமெரிக்காவிலிருந்து ஒரு டைரக்டர் வந்திறங்கினான். கபோவில் மீன் விற்கிற கிழவி ஒருத்தியைப் பற்றி, லாஸ் ஏஞ்சல்ஸில் செட் போட்டுப் படம் எடுக்கிறானாம். சினியோராவை வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தான். வேஷம் கிடைத்தால் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஒரேயடியாய் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விடுவேன் என்று அவள் குதித்துத் திரிந்தாள். அவள் போனால் குகனேஸ்வரியின் வேலையும் போச்சு, துசானியின் கடதாசியும் போச்சு.

அவன் வருகிற அன்று காலை சினியோரா இத்தாலியனில் சொன்னது, குகனேஸ்வரியின் காதில் தன் தமிழாகவே விழுந்தது.

"எனக்கு ஆரோ கண்ணூறு வைச்சிட்டினம். இல்லாட்டி இவ்வளவு காலம் ஏன் ஒரு வேஷமும் வரேல்லை? உங்கடை ஆக்கள் மிளகாய் எரிச்சுக் கழிப்பினமாமே, எனக்கும் கழிச்சு விடு."

உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட இந்தப் பலேர்மோவில் ஆரடி இருக்கினம் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. "ஓம், சினியோரா, அதுக்கென்ன" என்றாள்.

செத்தல் மிளகாயையும் உப்பையும் தலையைச் சுற்றி நெருப்பில் போட வேண்டும். நாவூறு இருந்தால் மிளகாய் நெடியே இல்லாமல் எரிந்துபோகும். இல்லாவிட்டால்தான் மூக்கைப் பிடுங்கும். தன் வீட்டில் என்றால் இரண்டு மூன்று மிளகாய் போதும். குகனேஸ்வரி இரண்டு கையாலும் அள்ளினாள். யன்னல் எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டினாள். தொண்டை அடைத்துப்போனால் மகாராணி எப்படி வசனம் பேசுகிறாள், பார்ப்போம்.

முத்துமாலையும் பவுடருமாக சினியோரா கதிரையில் வந்திருந்தாள். மூன்று தரம் சுற்றி, சாம்பிராணிச் சட்டியில் தணல்மேல் கொட்டியதுதான் தாமதம், அறை முழுக்கப் புகை. கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்த நேரம் கதவு மணி அடித்தது. குகனேஸ்வரி இருமிக்கொண்டே ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளேயிருந்து வந்தது கோனியின் குரல் இல்லை. கபோ சந்தையில் காலைநேரம் எழும்புகிற குரல், அந்தச் சந்தையின் அதே பாஷை.

"நாசமாப் போவாளே! என்னைக் கொல்லப் பாக்கிறியோ? மீன் வெட்டுற கத்தியாலை உன்ரை குடலை எடுத்துத் தராசிலை வைப்பன்!"

வாசலில் நின்ற அமெரிக்கன் இருமினான், தும்மினான், கண்ணீர் வழிய அப்படியே சிரித்தான். இந்தக் குரலைத் தேடித்தான் ஊரெல்லாம் அலைந்தேன் என்றான். சினியோரா முகத்தைத் துடைத்துக்கொண்டு நுனிநாக்கு இங்கிலீஷில் வரவேற்கப் பார்த்தாள். வேண்டாம், வேண்டாம், திரும்பவும் ஏசுங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டான். உடனே அவள் எழும்பி, இடுப்பில் கையை வைத்து, தன் தகப்பன் மீன் வித்தவர் என்றாள், என்னவோ அரச பரம்பரையைச் சொல்வதுபோல. டாக்டர் அப்பா அந்த நிமிஷமே செத்துப்போனார்.

வேஷம் அவளுக்குத்தான். குகனேஸ்வரியைக் கட்டிப்பிடித்து, "எல்லாம் உன்ரை கையாலை வந்தது" என்று இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். குகனேஸ்வரிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

விஷயத்தை ஃபோனில் கேட்ட மகேந்திரராசா கோபத்தில் துள்ளிக் குதித்தான்.

"உமக்கென்ன விசரோ? ஆரப்பா அவ்வளவு மிளகாயை அள்ளிக் கொட்டச் சொன்னது?"

"அவவின்ரை தொண்டை அடைக்கட்டும் எண்டுதான்..."

"நல்லா அடைச்சனீர்! இப்ப பிள்ளைக்கு என்ன சொல்லுறது?"

"பேசாமல் வையுங்கோ ஃபோனை" என்றாள். அழுகை வந்தது. இந்த முறை வெங்காயம் தேவைப்படவில்லை. புதுவேலை பிடித்து, புதிதாகக் கடதாசி கொடுத்து, முதலிலிருந்து காத்திருந்தால் துசானிக்குப் பதினெட்டு தாண்டிவிடும். தன் பிள்ளையின் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டாயிற்று.

சினியோரா அமெரிக்காவுக்குப் புறப்படுகிற அன்று பெட்டிகளெல்லாம் வாசலில் நின்றன. போகுமுன் இன்னொரு தரம் கழித்துவிடச் சொன்னாள். குகனேஸ்வரி மறுக்கவில்லை. அதே சட்டி, அதே அறை, யன்னல்கூட அன்றுபோலவே பூட்டித்தான் இருந்தது. முறைப்படி மூன்றே மூன்று மிளகாயை எடுத்துச் சுற்றித் தணலில் போட்டாள்.

மிளகாய் கறுத்தது, சுருண்டது, எரிந்து சாம்பலானது. ஒரு துளி நெடி இல்லை. ஒருவரும் தும்மவில்லை.

சினியோரா பயந்துபோனாள். "என்ன, ஒண்டும் மணக்கேல்லை?"

"கண்ணூறு இருந்திருக்கு, சினியோரா. பெரிய கண்ணூறு."

"ஆரின்ரை கண்?"

குகனேஸ்வரி நிமிர்ந்து பார்க்காமல் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.