டாக்டர் பட்டத்துக்கு டார்லாவை அனுப்பிய கதை

1

இந்தக் கதை ஒரு காருக்குள் பிறந்தது. ஒஹையோ மாநிலத்து டோலிடோவில் நான் வேலை பார்க்கும் மனநல மையத்தில் சாப்பாட்டு அறை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே போனால் யாராவது மனம் திறந்து பேசிவிடுவார்கள். அதனால் நாங்கள் எல்லோரும் மதியம் அவரவர் காருக்குள் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி சாப்பிடுவோம். அப்படி ஒரு மதியம் போனில் விளம்பரம் வந்தது: வேலையை விடாமலே, வீட்டிலிருந்தே, உளவியலில் டாக்டர் பட்டம். இலவசக் கையேடு வேண்டுமென்றால் போன் நம்பரைக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். கையில் ஒட்டியிருந்த மயோனைஸைத் துடைப்பதற்குள் போன் அடித்தது.

அது நவம்பரில். இப்போது மார்ச். இரண்டு பல்கலைக்கழகங்கள் எனக்கு இடம் கொடுத்திருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. ஆகவே கதை எழுதுகிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வருகிற யாராவது இப்படிச் செய்தால் அந்தப் பழக்கத்துக்கு நாங்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அதை இங்கே சொல்லி என்னை நானே கேவலப்படுத்திக்கொள்ள மாட்டேன்.

2

முதல் தொடக்கம்:

"பனி கொட்டிய ஒரு மாலையில், டாக்டர் வேய்ன் ஸ்டோல்ட்ஸ் தன் அறைக் கதவில் புதிதாக மாட்டிய பெயர்ப்பலகையைக் கண்கலங்கப் பார்த்தபடி—"

இந்த இடத்தில் என் மனைவி பெக்கி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரது டாக்டர் வேய்ன்?"

"ஒரு கதாபாத்திரம்."

"அப்படியா? உன் பேரு, உன் வேலை. மூக்கு மட்டும் வேறயா?"

"இன்னும் மூக்கு வரைக்கும் போகல."

"போர்டைப் பாத்து எதுக்கு அழறான்? எழுத்துப் பிழையா?"

இரண்டாவது தொடக்கம்: "மனித மனம் என்பது—" (இதற்கு மேல் எனக்கே தாங்கவில்லை.)

மூன்றாவது தொடக்கமாக நான் ஒரு கேள்வியை எழுதி, அதை அடித்து, மறுபடியும் அதே கேள்வியை எழுதியபோது பெக்கி ஒரு யோசனை சொன்னாள். அவள் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறவள். எதிராளி வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் இருக்கும்போது பேசிப் பேசி, தெளிவாகப் பேசும் பழக்கம் வந்துவிட்டது.

"உன்னால முடிவெடுக்க முடியலன்னா, முடிவெடுக்கத் தெரிஞ்ச ஒருத்திய எழுதேன். அவ என்ன பண்றாளோ அதையே நீயும் பண்ணு."

3

டார்லா ஹூபர்ட். வயது நாற்பத்தொன்பது. (எனக்கும் அதேதான். தற்செயல்.) மனநல மையத்தில் ஆலோசகர். (இதுவும்.) ஆனால் டார்லா உணவகத்தில் மெனு அட்டையைத் திறக்காமலே ஆர்டர் கொடுப்பவள். கார் ஓட்டும்போது வழி தப்பினாலும் பாட்டை நிறுத்தாதவள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை கொடுத்தேன். அது என்னுடையதுதான். வேறு ஆசை எதுவும் கைவசம் இல்லை.

எங்கள் மையத்துக்கு ட்ரீனா என்று ஓர் அம்மா வருகிறாள். (பெயரை மாற்றிவிட்டேன். பணிவிதி.) அவள் மகள் ஹேஸலுக்கு ஆறு வயது. அந்தக் குழந்தை யாருடனும் பேசுவதில்லை, மேசைக்கு அடியில் உட்கார்ந்து தன் காலணிகளோடு மட்டும் பேசுகிறது. பள்ளியில் தனி உதவி கிடைக்க வேண்டுமென்றால் முறையான சோதனை நடத்திய ஓர் அறிக்கை வேண்டும். அதை நடத்தவும் கையெழுத்துப் போடவும் உரிமம் பெற்ற உளவியல் நிபுணருக்கு மட்டுமே அதிகாரம். எங்களிடம் அப்படி ஒருவர்தான் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். ஹேஸல் ஒரு வருடத்துக்கும் மேலாக வரிசையில் காத்திருக்கிறாள்.

நான் அவளோடு வாரா வாரம் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன். என்ன பிரச்சினை என்று எனக்குக் கிட்டத்தட்ட நிச்சயமாகத் தெரியும். ஆனால் என் கையெழுத்து செல்லாது.

"நீங்களே எழுதிக் குடுத்துட முடியாதா?" என்று ட்ரீனா கேட்டாள்.

"எனக்கு அந்த உரிமம் இல்லைங்க."

"அப்ப அதை வாங்கிக்கங்களேன்" என்றாள், பக்கத்துக் கடையில் கிடைக்கிற மாதிரி.

இதை அப்படியே டார்லாவுக்குக் கொடுத்தேன். டார்லா அன்று மாலையே விண்ணப்பித்தாள். எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

4

இரண்டு பல்கலைக்கழகங்கள். பெயர் வேண்டாம், முதலாவது, இரண்டாவது என்றே வைத்துக்கொள்வோம்.

முதலாவது முழுக்க முழுக்க இணையத்தில். பைஜாமாவோடு படிக்கலாம். வேலை, வீடு, ஊர் எதுவும் அசையாது. இரண்டாவது பாதி இணையம், பாதி நேரில். போதாததற்கு, கடைசியில் ஒரு வருடம் முழுநேரப் பயிற்சி. அதற்கு வேலையை விட வேண்டும். எந்த ஊரில் பயிற்சி கிடைக்கும் என்பதும் நம் கையில் இல்லை. எங்கேயோ தூரத்து நெப்ராஸ்கா மாநிலம் என்று வந்தால் நெப்ராஸ்காதான்.

டார்லா இரண்டு நிமிடத்தில் முதலாவதைத் தேர்ந்தெடுக்கப் போனாள். நான்தான் தடுத்தேன். ஏனென்றால் அதற்குள் எனக்குக் கர்டிஸைத் தெரிந்துவிட்டது.

மயோனைஸைத் துடைப்பதற்குள் கூப்பிட்டது கர்டிஸ்தான். முதலாவது பல்கலைக்கழகத்தின் சேர்க்கை ஆலோசகன், முப்பது வயதிருக்கலாம்.

"ஹலோ வேய்ன்! எப்படி இருக்கீங்க?"

"நல்லாருக்கேன். நீங்க?"

"சூப்பரா இருக்கேன்!"

"சூப்பராவா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சும்மா இருப்பதுதான் எங்கள் தொழில். எதிராளி சொன்ன கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதை ஒரு விற்பனையாளனிடம் செய்யக்கூடாது என்று எந்த வகுப்பிலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.]

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"உண்மையச் சொல்லணும்னா வேய்ன், அவ்வளவு சூப்பர்னு சொல்ல முடியாது. கல்யாணம் நின்னு போச்சு. தம்பி வீட்டு பேஸ்மென்ட்ல படுத்துக்கறேன். அவன் நாய் கூட என்னைப் பாவமா பாக்குது."

முக்கால் மணி நேரம் பேசினான். "இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாம், கர்டிஸ்" என்று சொன்னது நான். "அடுத்த வாரம் இதே நேரமா?" என்று கேட்டது அவன். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அவன் உனக்குப் படிப்பு விக்கணும்" என்றாள் பெக்கி. "நீ அவனுக்கு ஓசியில வைத்தியம் பாக்கற. ரெண்டு பேர்ல எவன் பெரிய முட்டாள்னு எனக்கு இன்னும் புரியல."

5

இந்தப் பகுதியில் டார்லா கர்டிஸை வெட்டிவிட வேண்டும். அதற்காகத்தான் அவளைப் படைத்தேன். எழுதிய வரி இது: "டார்லா, 'எனக்கு நேரமில்லை, கர்டிஸ்' என்று சொல்லி போனை—"

வைக்க மாட்டேன் என்கிறாள். அவளும் ஆலோசகர்தானே. நாய் பாவமாகப் பார்க்கிறது என்று ஒருவன் சொல்லும்போது எப்படி வைப்பது? இரண்டு பக்கம் கழித்துப் பார்த்தால் டார்லாவும் காருக்குள் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். என் பாத்திரத்துக்கு நான் கொடுத்த முதுகெலும்பு என்னிடம் இல்லாத சரக்கு என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆனால் நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ கேட்டுவிட்டேன்.

"கர்டிஸ், இந்தப் பட்டத்தை முடிச்சா ஒஹையோவுல எனக்கு உரிமம் கிடைக்குமா?"

"ஒவ்வொரு மாநிலத்தோட விதிமுறைகளும் மாறுபடலாம். விண்ணப்பதாரரே அதை விசாரிச்சுத் தெரிஞ்சுக்கறது நல்லது."

"இது உங்க குரல் மாதிரி இல்லயே."

"எழுதிக் குடுத்தது. அப்படியே படிக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கிடைக்காது, வேய்ன். பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கலாம். அவ்வளவுதான்."

வாசகரே, நியாயமாகக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே சேர்ந்து, பட்டம் வாங்கிய பிறகு தலையில் கை வைத்திருக்கிறார்கள். நான் கேட்டுவிட்டேன். பதிலும் வந்துவிட்டது. கையெழுத்துதான் வேண்டுமென்றால், உரிமம் வரை கொண்டுபோகிற இரண்டாவதற்காக முதலாவதை நிராகரிக்க ஒரு நிமிடம் போதும்.

நிராகரிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். பெக்கியின் அண்ணன் பல்லுக்குக் கம்பி கட்டும் டாக்டர். நவம்பரில் வரும் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மொத்தக் குடும்பமும் வான்கோழியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, பெக்கியின் அப்பா கத்தியை எடுத்து, "டாக்டரே, நீங்க வெட்டுங்க" என்பார். ஒவ்வொரு வருடமும். என்னைப் பார்த்து, "வேய்ன், அந்த உருளைக்கிழங்கை இப்படித் தள்ளு" என்பார்.

நான் உருளைக்கிழங்கைத் தள்ளியபடி எத்தனை வருடம் சிரித்திருக்கிறேன்!

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. டார்லா முதலாவதில் சேர்கிறாள். பைஜாமாவில் டாக்டர் ஆகிறாள். வான்கோழியை அவளே வெட்டுகிறாள். திங்கட்கிழமை ஒரு அம்மா வந்து, "டாக்டர், நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்கிறாள். டார்லா செவ்வாய்க்கிழமை வரச் சொல்கிறாள்.

இரண்டாவது முடிவு. டார்லா இரண்டாவதில் சேர்கிறாள். வேலையை விடுகிறாள். நெப்ராஸ்காவில் ஒரு வாடகை அறையில் மடக்குக் கட்டிலில் படுத்து, தன் வயதில் பாதியே உள்ளவர்களோடு பயிற்சி எடுக்கிறாள். இதைப் பெக்கியிடம் படித்துக் காட்டினேன்.

"போறதுன்னா போ" என்றாள். "நான் வரமாட்டேன். எனக்கு இங்க வேலை இருக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை போன் பண்ணு. ஆனா போகாம இருந்துட்டு, என்னாலதான் போகலன்னு மட்டும் சொல்லிடாத. அதை என்னால தாங்க முடியாது."

சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அந்த வரியை டார்லாவுக்குக் கொடுக்கவில்லை. அது என்னுடையது.

மூன்றாவது முடிவு. டார்லா எதிலும் சேரவில்லை. அதைப் பற்றி ஒரு கதை எழுதுகிறாள். (கிழித்துவிட்டேன்.)

மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எந்த முடிவிலும் ஹேஸல் இல்லை. சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முதலாவதில் கையெழுத்து என்றைக்குமே கிடையாது. இரண்டாவதில் படிப்பும் பயிற்சியும் தேர்வும் முடிந்து என் கையெழுத்து செல்லும்போது ஹேஸலுக்குப் பன்னிரண்டு வயது. அதற்குள் யாரோ ஒருவர் ஒரு செவ்வாய்க்கிழமை அவளுடைய அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருப்பார். இரண்டு விண்ணப்பங்களிலும் அந்தக் குழந்தைக்காகத்தான் படிக்கிறேன் என்று உருக்கமாக எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

என் கையெழுத்துக்காகக் காத்திருக்கப்போகிற குழந்தை இன்னும் பிறக்கக்கூட இல்லை. அதற்குப் பெயர் இல்லை. அதன் அம்மா இப்போது எங்கேயோ வேறு கவலையில் இருக்கிறாள். பிறக்காத ஒரு பிள்ளைக்காக ஐம்பது வயதில் வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டுப் போகிற ஆளா நான்? இதுதான் கேள்வி. நாலு மாதமாக வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

7

இன்று வெள்ளிக்கிழமை. மதியம். கார். இரண்டாவது பல்கலைக்கழகம் மின்னஞ்சலில் காத்திருக்கிறது. கர்டிஸ் போனில்.

"வேய்ன், முதல்ல ஒண்ணு. இதுதான் என் கடைசி நாள். வேலையை விடறேன்."

"விடறீங்களா?"

"திருப்பிச் சொல்லாதீங்க, அழுதுடுவேன். உங்க தொழிலுக்கே வரப்போறேன். இங்க பக்கத்துக் காலேஜ்ல, நேர்ல போய்ப் படிக்கற கோர்ஸ். சிபாரிசுக் கடிதம் உங்ககிட்டதான் கேக்கணும்."

இந்த நாலு மாதத்தில் படிப்பில் சேர்ந்தவன் அவன் ஒருவன்தான். சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

"சரி, இப்ப நான் விதிப்படி கேக்கணும்" என்றான். "பேச்சு பதிவாகுது. எங்க பல்கலைக்கழகத்துல உங்களுக்குக் குடுத்த இடத்தை ஏத்துக்கறீங்களா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு."

டார்லாவைத் தேடினேன். அவள் பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். "என்னை எதுக்குப் பாக்கற? எழுதறது நீ" என்கிறாள்.

"வேய்ன்? இருக்கீங்களா?"

ஆகவே, வாசகரே, போனை உங்களிடம் நீட்டுகிறேன். இதில் ஆமாவா இல்லையா, இல்லை என்றால் இன்னொன்றுக்கு ஆமாவா, எதுவானாலும் நீங்களே சொல்லுங்கள், நான் கட்டுப்படுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. பேசி முடிக்கும்வரை யாரும் என்னை டாக்டர் என்று கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டிவிடுவேன்.