இரண்டு துண்டு சாது, ஒரு துண்டு முரடன்

எங்கள் ஆய்வகத்தில் ஹன்டா வைரஸுக்கு இரண்டு செல்லப்பெயர்கள். காய்ச்சலோடு விட்டுவிடும் வகை சாது. நுரையீரலில் நீர் கோத்து ஆளையே சாய்த்துவிடும் வகை முரடன். இரண்டும் எலியிடமிருந்து வருபவை. இரண்டுக்கும் மரபணு மூன்று துண்டுகளாக இருக்கும்: சின்னது, நடு, பெரியது.

தானியக் கிடங்கில் எலிப்புழுக்கையைக் கூட்டிப் பெருக்கிய என் அக்கா புருஷன் காய்ச்சலில் விழுந்தார். அவர் ரத்தம் என் மேஜைக்கே வந்தது. சின்னதும் பெரியதும் சாது. நடுத்துண்டு மட்டும் முரடன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் விதி எளிது. கலந்து வந்தால் கை சுத்தமில்லை, வேறொரு ரத்தம் பட்டுவிட்டது என்று அர்த்தம். தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய். பக்கத்து மேஜைக் கண்ணாடிக்காரனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"உன் டியூப் ரேக்கை நான் தொடவே இல்ல தாயே" என்றான்.

புது ரத்தம், வேறு அறை, புதுக் கையுறை. இரண்டு நாள் ஓடிப்போனது. மறுபடியும் அதே கலவை.

அப்போதுதான் உறைத்தது. யார் கையிலும் அழுக்கில்லை. ஏதோ ஒரு எலிக்குள் இரண்டு வைரஸும் சேர்ந்து குடியிருந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன. இரண்டு நாளை வீணடித்த என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அப்ப இது சாதுவா, முரடனா மேடம்?" என்று தலைமை ஆய்வாளரிடம் கேட்டேன்.

"நடுத்துண்டு செல்லுக்குள்ள நுழையிற வேலையைப் பாக்குது. ஆனா ஆளைக் கொல்றதுக்கு அது ஒண்ணே போதுமா? தெரியலம்மா. இப்படி ஒண்ணை நாம பாத்ததே இல்ல."

கொஞ்ச நேரத்தில் வார்டு டாக்டர் போன் செய்தார். "மூச்சு மெஷினோட ஒரே ஒரு பெட் காலியா இருக்கு. முரடன்னா உங்க மாமாவை உடனே மாத்திடறேன். சாதுன்னா இன்னொருத்தர் காத்திட்டிருக்கார். எதுன்னு சொல்லுங்க."

அவருக்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "என் தங்கச்சிதானே பாத்தா, அவளுக்குத் தெரியாமயா இருக்கும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "முரடன்னே வெச்சுக்கோங்க டாக்டர்."

"இது லேப் சொல்றதா, கொழுந்தியா சொல்றதா?"

பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "கொழுந்தியாதான் டாக்டர். லேபுக்கு ஒண்ணும் தெரியல."

"தெரியலன்னா முரடன்னே வெச்சுக்கறேன்" என்றார் டாக்டர். பிறகு, மாமாவை மாற்றச் சொல்லி அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. அக்கா விம்மிக்கொண்டே என் பேரைச் சொல்லி வாழ்த்தினாள்.

காத்திருந்த அந்த இன்னொருத்தர் யாரென்று நான் கேட்கவில்லை.