நேரில் வந்து சொன்னது

எங்கள் கரையில் எண்பது மீன்பிடி வள்ளங்கள். விடியற்காலையில் காற்று எப்படி என்று வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்புவது என் வேலை. ‘ஜெரால்டு பேசுதேன், போலாம்’ என்று என் குரல் வந்தால்தான் வள்ளத்தைத் தள்ளுவார்கள். பதினோரு வருஷப் பழக்கம்.

போன மாதம் ஒருநாள் அதே குரல், ‘காத்து மோசம், யாரும் போகாதீங்க’ என்றது. நான் பேசவே இல்லை. மீன் ஏலக்கடைக்காரன் ஒருவன் என் பழைய பேச்சையெல்லாம் ஏஐயில் போட்டுச் செய்த வேலை. அன்றைக்கு அவனுடைய மூன்று வள்ளங்கள் மட்டும் போய் இறால் அள்ளி வந்தன. கட்டையில போவான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரிடம் மைக்கை வாங்கினேன்.

“இனி போன்ல என் குரல் வந்தா நம்பாதீங்க. பேரச் சொல்லும், சத்தியம் பண்ணும், அழக்கூட செய்யும். நம்பாதீங்க. காலையில நானே கரைக்கு வந்து சொல்லுதேன்.”

முதலில் கை தட்டியது என் தங்கை பிலோமியின் புருஷன் அமலன். பெருமையாக இருந்தது எனக்கு. கடலுக்குப் போன பிறகு காற்று மாறினால் என்ன செய்வது என்று நானும் யோசிக்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை, போகலாம் என்று கரையில் நின்று நான்தான் சொன்னேன். பத்து மணிக்குப் புயல் எச்சரிக்கை வந்தது. ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். பலர் மேகத்தைப் பார்த்துத் தாங்களாகவே திரும்பிக்கொண்டிருந்தார்கள். அமலன் தனியாளாகப் போகிறவன், அன்று அவன் வலையில் நல்ல மீன் என்று திரும்பிக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள்.

“மாப்பிள, வலைய அறுத்துட்டு வா. காத்து வருது.”

சிரித்தான். “ஏலே மிஷினு, அப்படியே எங்க மச்சான் மாதிரி பேசுதியே.”

“நான்தாம்ல. பிலோமி மேல சத்தியமா நான்தான்.” எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழவும் செய்யும்னு மச்சான் சொன்னாவ,” என்று வைத்துவிட்டான். பிறகு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மணப்பாட்டுப் பக்கம் உடலை எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிலோமி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, நீ கூப்பிட்டப்ப அவிய என்ன சொன்னாவ?”

உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

“‘இந்தா வாரேன் மச்சான், பிலோமிட்ட சொல்லிருங்க’ன்னான். திரும்பி வர்ற வழியிலதான் காத்து அடிச்சிருச்சு.”

என் முகத்தையே பார்த்தாள்.

“ஆளுக்கொண்ணு சொல்லுதாவ, போன்லயும் என்னென்னமோ வருது,” என்றாள். “நீ நேர்ல வந்து சொல்லுத. நம்புதேன்.”