பாதிக் கணவாய்

எங்க வீட்டுக்காரர் ராஜா முகமது வாயில இருந்து வர்ற எந்த ஊர்ப் பேரையும் நான் நம்புறதில்லை. அவருக்குத் திருச்சியில வேலை, வீடு புதுக்கோட்டையில, பாதி வழியில கீரனூர். சாயங்காலம் போன் போட்டு "மச்சான், எங்க வாரீங்க?"ன்னு கேட்டா, "இந்தா, கீரனூர் தாண்டிட்டேன்"ம்பாரு. பின்னாடியே கண்டக்டர் "புதுக்கோட்டை ஏறு, புதுக்கோட்டை ஏறு"ன்னு கத்துறது கேக்கும். பஸ் திருச்சி ஸ்டாண்டை விட்டே கெளம்பியிருக்காது. எங்க ஊர்ல பாதிப் பேரு இப்படித்தான், திருச்சியில நின்னுக்கிட்டே கீரனூரைத் தாண்டுவாங்க. லேட்டானாத்தான் அவருக்கு இந்தப் பொய் வரும். மத்தபடி தங்கமான மனுசன்.

அந்தத் தங்கத்துக்குத்தான் நாப்பது வயசுல மலையில ஓடுற கிறுக்குப் பிடிச்சுச்சு. லடாக்குல ஒரு பந்தயமாம். பகல் முழுக்க ஓடணும், ரெண்டு கணவாய் ஏறி இறங்கணும். மூச்சு விடக் காத்தே பத்தாத எடம், மொதல்ல தலை வலிக்குமாம், அப்புறம் நாக்குக் குழறிப் புத்தி தடுமாறுமாம். எங்க திருக்கோகர்ணத்துல மேடுன்னா ரோட்டுல போட்டு வச்சிருக்க ஸ்பீடு பிரேக்கர்தான். மனுசன் விடலையே. ஞாயித்துக்கிழமையானா நார்த்தாமலைப் பாறையில ஏறுறதும் இறங்குறதுமா வெயில்ல வெந்துக்கிட்டுக் கெடப்பாரு. "ஊரெல்லாம் சம்பாதிக்கத் துபாய் போறான், நீங்க மூச்சு வாங்க லடாக்கு போறீங்க"ன்னு நானும் குத்திக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா மூணு வருசமா பெருநாள் பிரியாணியைக்கூட அளந்து தின்ன மனுசனை எப்படித் தடுக்கிறது? போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன்.

கெளம்புறதுக்கு முன்னாடி என் போன்ல ஒரு மேப்பை வச்சுக் குடுத்தாரு. அவர் பையில ஒரு கருவி இருக்குமாம். அவர் நிக்கிற எடத்தை அந்த மேப்புல ஒரு செவப்புப் புள்ளி காட்டுமாம், கூட ஓடுறவங்களுக்கும் ஆளுக்கொரு புள்ளியாம். "இதைப் பாத்துக்க, பயப்படாதே"ன்னாரு. பயமே அதுலதான் ஆரம்பிச்சுச்சு.

பந்தயத்தன்னைக்குக் காலையில இருந்து எனக்கு ஒரு எடத்துல இருப்புக் கொள்ளலை. அரிசி களைய உக்காந்தா புள்ளி, துணி காயப் போட்டா புள்ளி. அடுப்புல வச்ச பால் பொங்கி வழிஞ்சது. என் மாமியார் ரஹ்மத் நிஷா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கிட்டே, "ஒக்காருடி, போனுக்குள்ள விழுந்துறப் போற"ன்னாங்க. அவங்களுக்குப் பெருமை தாங்கலை. மகன் இமயமலையில ஓடுறான்னு தெருவுல ஒரு வீடு விடாம சொல்லி வச்சிருந்தாங்க.

முதல் கணவாயைப் புள்ளி தாண்டிருச்சு. ரெண்டாவது கணவாய்க்குக் கீழ ஒரு கூடாரம், சாப்பாடும் டாக்டரும் இருக்குற எடம். அங்க போய் நின்ன புள்ளி நின்னதுதான். மத்தவங்க புள்ளியெல்லாம் ஒண்ணு ஒண்ணா அவரைத் தாண்டி மேல ஏறுது. இது மட்டும் அசையலை. அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தேன். மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொன்னாங்க, தொழுக நின்னாலும் மனசு நிக்கலை.

அப்பத்தான் அவர்கிட்ட இருந்து வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு.

"நுஸைபா, நல்லா இருக்கேன். கணவாய் பாதி ஏறிட்டேன். காத்து பயங்கரமா அடிக்குது. தலைவலியெல்லாம் ஒண்ணும் இல்லை."

குரல் குழறலை, தெளிவாத்தான் இருந்துச்சு. மாமி கேட்டுட்டு "அல்ஹம்துலில்லாஹ்"ன்னாங்க. நான் திரும்பப் போட்டுக் கேட்டேன். பின்னாடி தட்டுல கரண்டி படுற சத்தம், யாரோ இந்தியில டீ வேணுமான்னு கேக்குற சத்தம். காத்தும் இல்லை, ஒண்ணும் இல்லை. புள்ளியும் கூடாரத்துலயேதான் இருந்துச்சு.

அடப்பாவி மனுசா, அங்க போயும் கீரனூர் தாண்டுறீங்களா?

கோவம் வந்த வேகத்துலயே பயமும் வந்துருச்சு. தலைவலியைப் பத்தி நான் கேக்கவே இல்லையே. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கிற கதையால்ல இருக்கு. இவர் பொய் சொன்னாலே என்னமோ சரியில்லைன்னுதான் அர்த்தம். ஒடம்பு முடியாம உக்காந்திருக்காரு, அதை மறைச்சுட்டு மேல ஏறப் போறாரு.

பந்தயம் நடத்துறவங்க நம்பரை எடுத்தேன். மாமி கையைப் பிடிச்சாங்க. "அவன்தான் நல்லா இருக்கேங்குறானே. மூணு வருச ஆசைடி. நீ எதையாச்சும் ஒளறி வச்சு அவனை நிறுத்திப்புடாத."

"மாமி, அவர் திரும்பி வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்"னு கையை உருவிக்கிட்டேன்.

ஒரு பொம்பளை எடுத்தா. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல, என் புருசன் பொய் சொல்றாரு, அவர் சொல்றதை நம்பாதீங்கன்னு சொன்னேன். அவ கூடாரத்து டாக்டர்கிட்ட பேசிட்டு வந்து, ஆக்ஸிஜன் கொஞ்சம் கொறைவுதான், ஆனா சிரிச்சுப் பேசுறாரு, போறேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு, விடலாம்னு இருக்கோம்னா. விடாதீங்கன்னு அழுதுட்டேன். கூடாரத்துல இருந்துக்கிட்டே மலை மேல இருக்கேன்னு சொல்றாரு, அந்த மெசேஜை அனுப்புறேன், கேளுங்கன்னேன். என்ன சொல்றாருன்னு இங்கிலீஷ்ல எழுதி அனுப்பியும் விட்டேன்.

கொஞ்ச நேரத்துல செவப்புப் புள்ளி நகந்துச்சு. மேல இல்லை, கீழ. ஜீப்புல ஏத்திட்டாங்க. மாமி அதுக்கப்புறம் என்கூடப் பேசலை.

கீழ வந்ததும் அவருக்கு எல்லாம் சரியாப் போச்சு. அதுதான் எனக்கு வெனை. ஊருக்கு வந்தவரு சண்டை போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். ஒண்ணும் பேசலை. எதுத்த வீட்டு சூசைராஜ் அண்ணன், "என்ன பாய், ஜெயிச்சீங்களா?"ன்னு கேட்டதுக்கு, "வீட்டுல கூப்பிட்டாங்க, வந்துட்டேன்"னாரு. சோறு திங்கக் கூப்பிட்ட மாதிரி சொன்னாரு. உள்ள நின்னு கேட்டுக்கிட்டிருந்த எனக்கு நெஞ்சு எரிஞ்சுச்சு.

மத்தியானம் சாப்பாடு வைக்கிறப்ப வெடிச்சுட்டேன். "ஆமா, நாந்தான் நிறுத்துனேன். நான் செஞ்சது சரின்னு ஆகணும்னா நீங்க அந்த மலையில செத்திருக்கணும். அந்தச் சரி எனக்கு வேணாம். காலம் பூரா என்னைத் திட்டிக்கிட்டே உயிரோட இருங்க. ஆனா பொய் சொன்னது நீங்க. கூடாரத்துல குந்திக்கிட்டுப் பாதி ஏறிட்டேன்னு சொன்னது நீங்கதான்."

அவர் சோத்துல இருந்து கையை எடுத்தாரு. அடுத்த ரூம்ல மாமி இருக்காங்களான்னு எட்டிப் பாத்தாரு. அப்புறம் மெல்லமாச் சொன்னாரு.

"நான் பொய் சொல்லலை, நுஸைபா. ஏறிக்கிட்டிருக்கேன்னுதான் நெனச்சேன். கால்ல பனி குத்துச்சு. நெசமாவே குத்துச்சு."

கொழம்பு ஊத்தக் கரண்டியை எடுத்தேன். அவர் காலையே பாத்துக்கிட்டு ஊத்துனதுல பாதி தரையில போயிருச்சு.