குப்பன் வீட்டு இடம்

என் தாய்மாமன் குப்பனுக்கு ஒரே பிடிவாதம். மகன் ஆகாஷ் கடலில் கால் நனைக்கக் கூடாது. கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவனுக்கு இப்படியொரு சட்டம்! மணலில் இறங்கினாலே துடைப்பக்கட்டையால் அடி விழும். "ஒரு தடவ வலைய இழுத்துட்டான்னா அப்புறம் புஸ்தகத்தத் தொட மாட்டான்டா" என்பார். பிள்ளையைப் படிக்க வைக்க நினைத்த எங்கள் ஆட்கள் எல்லோரும் இதைத்தான் செய்தார்கள், மாமா கொஞ்சம் ஜாஸ்தியாகச் செய்தார். ஆறாம் வகுப்பிலேயே அவனைச் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார். பிறகு அங்கேயே இன்ஜினியரிங். நான் பத்தாவது ஃபெயிலாகிப் படகேறியவன். "அவன் எங்க, நீ எங்க" என்று குப்பமே என்னைக் கிண்டல் செய்யும். செய்துவிட்டுப் போகட்டும், என் மச்சான் முன்னுக்கு வந்தால் எனக்கும் பெருமைதானே.

எங்கே வந்தான்? சென்னையில் கிடைத்த காண்ட்ராக்ட் வேலை முடிந்து திரும்பியவன், சிதம்பரத்தில் வீடு வீடாகப் பார்சல் கொடுத்தான். அதுவும் நிலைக்கவில்லை. செம்மங்குப்பம் பக்கம் கம்பெனிகளில் மூட்டை தூக்கவாவது போகிறேன் என்று போனால், "படிச்சவன் நாலு நாள்கூட நிக்க மாட்டான், கெளம்பு" என்று ஒரு காண்ட்ராக்டர் துரத்திவிட்டான். படித்தது ஒரு குற்றமாய்யா? எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

இந்த வருஷம் மாமாவைப் பக்கவாதம் தள்ளிவிட்டது. என்னுடைய ஃபைபர் படகில் அவருடைய இடம் காலியானது. ஒருவன் படுத்துவிட்டால் அந்த இடம் அவன் மகனுக்குத்தான், இது எங்கள் குப்பத்து வழக்கம். அந்த மகனே கரையில் நின்று, எல்லோர் எதிரிலும் வேண்டாம் என்று சொன்னால்தான் வேறு ஆளை ஏற்றலாம். ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த வீட்டுக்கு இடம் திரும்பி வராது. மாமா வீட்டில் அடுப்பு எரிய வேறு வழியும் இல்லை.

ஆகாஷ் தானாகவே வந்தான்.

"நான் வரேன் மச்சான்."

"வாந்தி எடுத்தாலும் வுட மாட்டேன், பாத்துக்க."

"பரவால்ல, பழகிடும்."

மறுநாள் விடிந்ததும் படகைத் தள்ளினோம். அலை முறிகிற இடத்தில் படகு ஒரு தூக்குத் தூக்கியதில் அவன் தண்ணீரில் விழுந்தான். விழுந்தால் என்ன, நீந்தி வருவான் என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். கை மட்டும்தான் தெரிந்தது. ஐயோ, பாவிப் பயலுக்கு நீச்சலே தெரியாது! மீன்பிடிக்கிறவன் மகனிடம் உனக்கு நீந்தத் தெரியுமா என்று எவன் கேட்பான்? கூட வந்த கொளஞ்சியப்பன் குதித்து, தலைமுடியைப் பிடித்து அவனை இழுத்து வந்தான்.

கரையேறியதும் கொளஞ்சியப்பன் கத்தினான். "மீன் புடிக்கப் போறமா, இவனப் புடிக்கப் போறமா? இவன் ஏறுனா நான் எறங்கிக்கிறேன்." மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

ஆகாஷ் குடித்த தண்ணீரைக் கக்கிக்கொண்டே என் காலைப் பிடித்தான். "நீச்சல் கத்துக்கிறேன் மச்சான். கொஞ்ச நாள் குடு."

கொடுக்கத்தான் ஆசை. ஆள் குறைந்தால் படகு போகாது, மற்ற வீடுகளும் சாப்பிட வேண்டாமா? "முடியாதுடா! நீ செத்துத் தொலஞ்சா அத்த மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது?" என்று அவனைத் திட்டினேன். உண்மையில் மாமாவைத் திட்டியிருக்க வேண்டும். வாய் கோணிக் கிடக்கிற மனுஷனை என்னவென்று திட்டுவது?

அடுத்த நாள் மாமாவை நாற்காலியோடு கரைக்குத் தூக்கி வந்தார்கள். ஆகாஷ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான்.

"எங்கப்பாவோட எடம் இனிமே எங்க வூட்டுக்கு வேணாம். நீங்க வேற ஆள ஏத்திக்கலாம். யார் மேலயும் எங்களுக்கு வருத்தம் இல்ல. இத்தன வருஷமா அப்பாவக் கூட வச்சிருந்ததுக்கு எல்லாருக்கும் நன்றி."

கொளஞ்சியப்பன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

மாமாவின் நல்ல கை என் கையைத் தேடிப் பிடித்தது. எச்சில் வழிகிற அந்த முகத்தில் அப்படியொரு பூரிப்பு. குழறிக் குழறிச் சொன்னார்.

"பாத்தியா சங்கரு, எங்கயும் திக்கல. எவ்ளோ நல்லாப் பேசுறான் எம்புள்ள!"