ஈரக் கம்பளி

நஜ்மா கடித்துவிட்டது. கடிவாளம் மாட்டப் போன சேதுராமனின் முழங்கைக்கு மேலே, ஜாக்கெட்டோடு சேர்த்து ஒரு கவ்வு. ரத்தம் வரவில்லை. கன்றிப்போய் நாலு நாள் வலிக்கும், அவ்வளவுதான்.

“சனியனே, உன் ஆளு செத்துட்டான். இனிமே நான்தான்.”

நஜ்மா காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு மறுபடியும் பல்லைக் காட்டியது.

உன் ஆள் என்று அவன் சொன்னது கார்மேகத்தை. கூடப் பிறந்த அண்ணன். நான்கு நாளைக்கு முன்னால், காலையில், இந்தக் குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டிருந்தபோதே மணலில் விழுந்து செத்தான். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். நாற்பத்தாறு வயது. இன்று சாயங்காலம் பெட்டி மதுரைக்குப் போகிறது. சேதுராமனும் அதே விமானத்தில் போகிறான்.

“மய்யித்து ஆறு மணிக்குத்தான் ஏர்போர்ட் போவுது,” என்றிருந்தார் சூப்பர்வைசர் அஸ்கர் அலி. கீழக்கரைக்காரர். “பந்தய ஓட்டத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு. நாலு நாளா கொட்டடியிலயே நிக்கிது அந்தக் குதிரை. வேற யாரையும் கிட்டச் சேக்க மாட்டேங்குது. ஒரு தடவ ஓட்டிக் குடுத்துட்டுப் போயிடு.”

“எனக்குச் சாணி அள்ளுற டூட்டிதானே பாய்.”

“இன்னைக்கு மட்டும் இல்ல. யல்லா, கெளம்பு.”

செத்த வீட்டுக்காரனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் சேதுராமனுக்குக் கோபம் அஸ்கர் அலி மீது வரவில்லை. வரவேண்டிய கோபம் எல்லாம் இரண்டு வருடமாக ஒரே ஆளுக்கென்று சேர்த்து வைத்திருந்தான். அந்த ஆளோ இப்போது சவக்கிடங்கில் சுகமாகப் படுத்திருந்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அதுவும் ஒரு ஜனவரிதான். சுல்தான் என்ற குதிரை அப்போது சேதுராமன் பொறுப்பு. பாலைவனம் என்றால் எப்போதும் கொதிக்கும் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜனவரி விடியலில் இங்கே வளைகுடாவில் பல் கிட்டிப்போகும். பனி கம்பியில் சொட்டும். அந்தக் குளிரில் குதிரையை எடுத்தவுடன் ஓட்டக் கூடாது, இருபது நிமிடம் நடத்தி உடம்பைச் சூடாக்கிவிட்டுத்தான் துள்ளுநடைக்கு விட வேண்டும். அன்று தூங்கிவிட்ட சேதுராமன், நேரம் போய்விட்டதென்று நடையை விட்டுவிட்டு ஓட்டினான். இரண்டாவது சுற்றில் சுல்தானின் பின்னங்கால்கள் கட்டைபோல் விறைத்தன. மூத்திரம் கறுப்புக் காப்பியாகப் போனது. அந்தக் குதிரை அப்புறம் ஓட்டத்துக்கு ஆகவில்லை.

எப்படி ஆச்சு என்று அஸ்கர் அலி கேட்டபோது சேதுராமன் தீனி மேல் பழியைப் போட்டான். பக்கத்தில் நின்ற கார்மேகம், “இல்ல பாய். எந் தம்பி நடக்க விடல,” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அன்றிலிருந்து சேதுராமன் கையில் சாணி வண்டி. ஒரே அறை, ஒரே இரும்புக் கட்டில், அண்ணன் கீழே, தம்பி மேலே. இரண்டு வருடத்தில் உப்பைக் கொடு என்றுகூட ஒருவரையொருவர் கேட்டதில்லை.

இன்று சேதுராமன் இருபது நிமிடம் நடத்தி, பிறகு ஏறி, ஐந்து சுற்று ஓட்டினான். நஜ்மா ஒவ்வொரு திருப்பத்திலும் அவனைக் கீழே தள்ளப் பார்த்தது. அவனும் விடவில்லை. முடித்து இறங்கியபோது குதிரையின் மார்பும் இடுப்பும் வியர்த்து ஆவி பறந்தது. கடல் பக்கமிருந்து ஈரக்காற்று. சேணத்தைக் கழற்றிவிட்டு, “பாய், கம்பளி!” என்று கத்தினான். வியர்த்த குதிரைக்குச் சளி பிடிக்காமல், இடுப்புப் பிடித்துக்கொள்ளாமல் போர்த்துகிற கம்பளி.

அஸ்கர் அலி ஸ்டோரைத் திறந்து கொண்டுவந்து எறிந்தார். நேற்று வேறொரு குதிரைக்குப் போட்டு நனைந்தது. பூட்டிய அறையில் காயாமல் சொதசொதவென்று கிடந்திருந்தது. முதுகில் போட்டதும் நஜ்மாவின் தோல் முழுக்க வெடவெடத்தது.

“ஈரமா இருக்கு பாய்.”

“எல்லாம் இப்பிடித்தான் இருக்கும். நீ சொன்னப்புறந்தானே ஸ்டோர்ல வச்சுப் பூட்டச் சொன்னேன்.” சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சேதுராமன் சுற்றும் முற்றும் பார்த்தான். யார் காதிலும் விழுந்திருக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் சொன்னதுதான். மேல் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தபோது அண்ணன் குதிரைக் கம்பளியை மூடிக்கொண்டு படுத்திருந்தான். ஊருக்கெல்லாம் நியாயம் சொன்னவன் குதிரையின் போர்வையைத் திருடித் தூங்குகிறான். மாட்டினான் என்று சேதுராமனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மறுநாளே அஸ்கர் அலி காதில் போட்டான். எல்லார் முன்னாலும் கார்மேகத்துக்கு வசவு விழுந்தது. அவன் வாயே திறக்கவில்லை.

பாக்கெட்டில் போன் அடித்தது. நாகவள்ளி. அண்ணன் பெண்டாட்டி. நான்கு நாளாக அழவில்லை அவள். ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஒரு காதில் போனை மாட்டிக்கொண்டு குதிரையை நடத்தினான்.

“கண்டுபிடிச்சியா?”

“என்னத்த மதினி?”

“எவன் மாட்டிவிட்டான்னு. செத்ததுக்கு மொத நா ராத்திரிகூட சொன்னாரு. எவனோ போட்டுக் குடுத்துட்டான், கம்பளியப் பூட்டி வச்சிட்டாங்கன்னு.”

“குதிரைக் கம்பளிய மனுசன் மூடிக்கிட்டுப் படுத்தா பூட்டத்தான செய்வாங்க.”



“குளிருக்கா மூடிக்கிட்டாரு?” என்றாள் நாகவள்ளி. “வீடியோவுல நான் பாக்கல? சொட்டச் சொட்ட இருக்கும். ஏங்க இந்த ஈரத்த மேல போட்டுக்கிறீங்க, நெஞ்சுல சளி கட்டாதான்னு சண்ட போடுவேன். வெளிய போட்டா பனியில நனையுது, ஒடம்புச் சூட்டுல விடியுறதுக்குள்ள காஞ்சிரும்பாரு. ஈரத்தப் போட்டா அதுக்கு இடுப்புப் பிடிச்சுக்கும், சுல்தானுக்கு ஆன மாதிரி ஆயிரும்பாரு.”

சேதுராமன் நின்றான். நஜ்மாவும் நின்றது.

“பூட்டுனதுக்கப்புறம் எந்நேரமும் நடந்துக்கிட்டே இருந்தாரு. ஈரத்தப் போட மாட்டேன், காயுற வரைக்கும் நடத்துறேன்னு. ஒரு மணி நேரம், ஒன்றர மணி நேரம். நெஞ்சு வலிக்குதுன்னாரு. நா என்ன பண்ணுவேன் இங்க இருந்து?”

மணலில் கண்டுபிடித்தபோது கார்மேகம் வெறும் சட்டையோடு கிடந்தான். ஜாக்கெட் குதிரையின் இடுப்பில் இருந்தது. சாகும்போதும் சீன் போட்டுவிட்டுப் போனான் என்று சேதுராமன் அன்று மனதுக்குள் வைதான்.

“கூட இருந்தே குழி பறிச்சவன் எவன்னு எனக்குத் தெரியணும் சேது. மண்ண வாரித் தூத்தணும் அவனுக்கு. நீ தெரிஞ்சுக்கிட்டு வா. தெரியாம வராத.”

சொல்லாமல் இருந்துவிடலாம். பங்களாதேஷ்காரன் ஒருவன் பேரைச் சொன்னால் போதும், நாகவள்ளி சாகும்வரை அவனைச் சபித்துக்கொண்டிருப்பாள். பெயர்கூட வாயில் வந்தது. தீனி மேல் பழி போட்ட அன்றும் இப்படித்தான் வந்தது.

“நான்தான் மதினி.”

போன் துண்டிக்கப்படவில்லை. பின்னால் யாரோ பந்தல்காரனிடம் கயிறு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாற்காலி இழுபட்டது.

“மதினி.”

“பொட்டிய ஊரு வரைக்கும் கொண்டாந்து சேத்துரு,” என்றாள். குரல் ஏறவே இல்லை. “வாசலோட நின்னுக்க. கொள்ளி வைக்க எம் மக இருக்கா. நீ அவரத் தொடக் கூடாது.”

வைத்துவிட்டாள்.

சேதுராமன் ஈரக் கம்பளியை உருவி வேலியில் போட்டான். தன் ஜாக்கெட்டைக் கழற்றி நஜ்மாவின் இடுப்பில் விரித்தான். காற்று பனியனுக்குள் புகுந்து முதுகைப் பிடித்தது. குதிரை தலையைத் திருப்பி அவன் தோளைக் கவ்வப் பார்த்தது. விலகிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நடந்தான். ஜாக்கெட் நழுவியபோதெல்லாம் நின்று இழுத்துவிட்டான்.

“சேதுராமா, டைமாவுது!” அஸ்கர் அலி தகரக் கொட்டகையிலிருந்து கத்தினார். “கொட்டடியில கட்டிட்டு வா. குளிச்சுட்டுக் கெளம்ப வேணாமா?”

அவன் ஜாக்கெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தான். இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. குதிரையைத் திருப்பி அடுத்த சுற்றுக்கு நடத்தினான்.