சேற்றில் கிடைக்க வேண்டிய சைக்கிள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் பகுதி ஏரியை வற்றவைத்துத் தூர்வாரிக்கொண்டிருந்தபோது, கரையில் நீலத் தார்ப்பாய் ஒன்றை விரித்து, சேற்றில் கிடைத்த சாமான்களை வரிசையாக வைத்திருந்தார்கள். துருப்பிடித்த ஒரு சைக்கிளின் முன்னால் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து, மணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அது அடிக்கவில்லை. எழுந்து போய்விட்டாள்.

நான் அவளிடம் பேசவில்லை. பேசியிருந்தால், "சும்மாதான் பாத்தேன்" என்று சொல்லியிருப்பாள். கதை அங்கேயே படுத்திருக்கும். ஆகவே மீதி முழுக்க நான் விடும் கதை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நகரத்தின் கழிவையெல்லாம் நாற்பது ஆண்டுகள் விழுங்கிய அந்த ஏரி, ஒரு நோயாளியைப் போல

வேண்டாம். ஏரி நோயாளி இல்லை. நாறியது, அவ்வளவுதான்.

அடுத்த முயற்சி: "பொதுமக்களின் பொழுதுபோக்குக்காக நடைபாதை, மிதிபடகு, நடுவில் பறவைகளுக்கென ஒரு தீவு..." இது அறிவிப்புப் பலகையில் இருப்பது. இதில் தீவை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

3

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வில்லை பொருத்துவது, ஆடும் சட்டத்தை இறுக்குவது. கடுகளவு திருகாணி கீழே விழுந்தாலும் தரையைத் தடவி எடுத்துவிடுவாள். (இந்த வேலையை ஏன் அவளுக்குக் கொடுத்தேன் என்று எழுதும்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.)

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் காலையில் அவள் கணவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சாயங்காலம் ஏரிக்கரையில் அவன் செருப்பு மட்டும் ஜோடியாகக் கிடந்தது. சைக்கிளைக் காணோம். தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். ஆகாயத்தாமரையும் சாக்கடையும் மண்டிய அந்தத் தண்ணீரில் இறங்க ஒருவருக்கும் வழியில்லை. கரையில் நின்று கொக்கி போட்டு இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து தெருவுக்கு இரண்டு வாய். ஒரு வாய், "பாவம், ஏரியில விழுந்துட்டான்" என்றது. இன்னொரு வாய், "செருப்ப இங்க விட்டுட்டு சைக்கிள்ல கம்பி நீட்டிட்டான்" என்றது. அவள் மூன்று வயது மகளிடம் அப்பா செத்துவிட்டார் என்று சொன்னாள். சொன்னாளே தவிர, தான் கணவனை இழந்தவளா, கணவன் விட்டுவிட்டுப் போனவளா என்பது அவளுக்கே தெரியாது. அழுவதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் அரைகுறையாகச் செய்துகொண்டு காலத்தை ஓட்டினாள். மகளிடம் அப்பாவைப் பற்றி எதைக் கேட்டாலும், "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லம்மா" என்பாள்.

ஏரியை வற்றவைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்கு எல்லாம் எளிதாகிவிட்டது. சைக்கிள் சேற்றில் கிடைத்தால் அவனும் ஏரியோடு போனான். கிடைக்காவிட்டால் அதை மிதித்துக்கொண்டு எங்கேயோ போனான்.

[எலும்பைத் தேடாமல் சைக்கிளை ஏன் தேடுகிறாள் என்று எனக்கே சந்தேகம் வந்தது. என் மனைவியிடம் கேட்டேன். "எலும்பு யாருதுன்னு எப்படிங்க தெரியும்? சைக்கிள்னா பாத்ததும் தெரிஞ்சிடும்" என்றாள். அப்படியே எடுத்துக்கொண்டேன்.]

4

சேற்றை அள்ளிய பொக்லைன்காரருக்கு ஒரு பழக்கம். வாளியில் வரும் சாமானை மண்ணோடு சேர்த்து லாரியில் கொட்ட மனசு வராது. தனியே எடுத்து, கழுவி, தார்ப்பாயில் வைப்பார். குக்கர், கைப்பேசி, ஒற்றைச் செருப்பு, ஒரு முழுக் கதவு. மூன்று நாளில் யாரும் கேட்டு வராவிட்டால்தான் லாரி. அவள் தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

"டெய்லி வர்றீங்களே அக்கா, என்னத்தத் தொலைச்சீங்க?"

"ஒரு சைக்கிள்ப்பா."

"சைக்கிள் நெறைய வருதே. அடையாளம் ஏதாச்சும் சொல்லுங்க."

"பச்சை கலரு. கொழந்தை உக்கார பலகை சீட்டு இருக்கும். எங்க வீட்டுக்காரரே அறுத்து மாட்டினது."

"அவரு இப்ப...?"

"அதத்தான் தேடுறேன்."

அவள் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு அவர் வண்டிக்குத் திரும்பினார். அவரும் ஒரு மகளைச் சைக்கிளில் வைத்து வளர்த்தவர்தான்.

முப்பத்தொரு நாளில் பதினோரு சைக்கிள்கள் வந்தன. பச்சை, சிவப்பு எல்லாம் ஒரே துரு. எதிலும் பலகை இல்லை. அவள் ஒவ்வொன்றிலும் முதலில் மணியைத்தான் தொட்டாள். சாயங்காலங்களில் அப்பாவும் மகளும் ஒரு சுற்றுப் போய்விட்டு வரும்போது, மகள் வழி முழுக்க மணியை அடித்துக்கொண்டே வருவாள். தெருமுனையிலேயே கேட்டுவிடும். அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் அடுப்பில் பால் வைப்பாள்.

5

பாக்கி இருந்தது ஏரி நடுவில் இருந்த ஆழமான பள்ளம் மட்டும். எது விழுந்தாலும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, அதைத் தோண்ட வேண்டாம், அள்ளிய மண்ணை அதன்மேலேயே குவித்துத் தீவாக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

"நாளன்னைக்கு வாய்க்கால் அடைப்ப எடுத்துத் தண்ணி விடுறாங்க அக்கா. நான் என்ன செய்யட்டும்?" என்றார் பொக்லைன்காரர். அவள் கடைக்குத் திரும்பிப் போய், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, இடது வில்லையை வலது பக்கம் மாட்டினாள்.

அன்று சாயங்காலம் அவள் யாருக்கும் தெரியாமல் பள்ளத்தில் இறங்கி

இல்லை. அவளுக்கு முழங்கால் வலி. பள்ளத்தில் இறங்க மாட்டாள், வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குவாள். இந்த இடத்தில் எனக்கு இரண்டு மாதம் கை ஓடவில்லை.

6

தண்ணீர் விடும் நாளன்று மதியம் பொக்லைன்காரர் போன் செய்தார். "அக்கா, கெடச்சிடுச்சு. பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

தார்ப்பாயில் ஒரே ஒரு சைக்கிள் இருந்தது. சேறும் துருவும். பின்பக்கக் கேரியரின் மேல் சின்னப் பலகை சீட்டு.

மகள்தான் முதலில் ஓடினாள். பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இதேதாம்மா! நான் பின்னாடி உக்காந்து அப்பா முதுகக் கட்டிப் புடிச்சிக்குவேன். சட்டை வேர்வையில நனைஞ்சிருக்கும். எனக்கு ஞாபகம் வருதும்மா."

பதினான்கு ஆண்டுகளில் அவள் அப்பாவைப் பற்றிச் சொன்ன முதல் ஞாபகம் இது.

தாய் குனிந்து பார்த்தாள். பலகையைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளின் மேலும் சேறு அப்பியிருந்தது. ஆனால் விளிம்புகள் பளபளத்தன. புதிதாக முறுக்கியது எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொக்லைன்காரரைப் பார்த்தாள். அவர் கந்தைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கட்டைவிரல் மணிக்குப் போனது. பின்னால் உட்காரும் குழந்தைக்கு மணி எட்டாது.

7

நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். சீட்டு எங்கே இருந்தது என்று அவள் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை. பொக்லைன்காரர் தன் மகளை உட்காரவைத்த இடத்தில் மாட்டிவிட்டார். நீங்கள் எங்கே மாட்டினீர்கள்? அது முன்பக்கத் தண்டில் இருந்தது. குழந்தை அப்பாவின் இரண்டு கைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து மணி அடித்தது.

அந்த மனுஷன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் துருவை எடுத்து, அதில் புதுப் பலகையை முறுக்கி, அடுத்தவர் கண்ணீருக்காகக் காத்திருப்பதுதானே என் பிழைப்பும். ஆனால் முடிவு?

அ. "இது இல்லடி" என்கிறாள். மகளுக்கு இருந்த ஒரே அப்பாவும் போகிறார்.

ஆ. "ஆமாடி, இதுதான்" என்கிறாள். இருவரும் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுகிறார்கள். ஏரி திறக்கிறது, ஜனங்கள் நடக்கிறார்கள், மிதிபடகு தீவைச் சுற்றுகிறது. நடைபாதையில் எந்த நரைத்த தலை எதிரே வந்தாலும் அவள் மட்டும் நின்று, அவனோ என்று முகத்தைப் பார்க்கிறாள்.

இ. கடைசி வாளியில் உண்மையான சைக்கிளே வருகிறது. எழுத ஒரு வரி போதும். எழுதினேன். படித்துப் பார்த்தேன். அதன் போல்ட்டுகளும் பளபளத்தன. அடித்துவிட்டேன்.

8

வாய்க்கால் அடைப்பை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் தீவின் அடியை நனைத்துக்கொண்டு வருகிறது. பொக்லைன்காரர் கை துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"சொல்லும்மா, இதுதானே?" என்கிறாள் மகள்.

அவள் என்னைத்தான் பார்க்கிறாள். எனக்குத் தெரியாது. பதிலை நீங்கள் சொல்லுங்கள். மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் முடியவில்லை.